சோளகத்தில் நிற்கிற ட்ரோன்

கடைக்கு ட்ரோனைக் கொண்டுவருகிற பெடியள் முதலில் கேட்பது, "அண்ணை, இதை இன்னும் வேகமாய்ப் பறக்கப் பண்ணேலுமோ?" என்றுதான். பண்ணலாம். மோட்டோரை மாற்றி, பற்றரியில் ஒரு செல்லைக் கூட்டினால் வேகம் வரும். ஆனால் கிளிநொச்சியில் றேடியோவும் போனும் திருத்திக்கொண்டு, ஓய்வு நேரத்தில் ட்ரோன்களோடு மல்லுக்கட்டுகிற எனக்கு வேகத்தில் பெரிய ஆசை இல்லை. இந்த மண்ணில் பறக்கிற ட்ரோன் சத்தம் குறைந்ததாக இருக்க வேண்டும், காற்றில் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், போனால் திரும்பி வர வேண்டும். அதில் சத்தம்தான் எனக்கு முதலாவது.

காரணம் எங்கள் சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை. வெளியில் இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். 2009இல் போர் முடியும்வரை வன்னியில் இருந்தவர்கள் வேவு விமானத்தை வண்டு என்பார்கள். வண்டு இரைந்துகொண்டு சுற்றினால், அடுத்தது எறிகணையா கிபீர் போர்விமானமா என்று தெரியாமல் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்கிய காலம் அது. ஒருமுறை வட்டக்கச்சிப் பக்கம் ஒரு கமக்காரருக்காக அவருடைய வயலைப் படம் எடுக்க ட்ரோனை ஏற்றினேன். பக்கத்து வளவில் மாட்டுக்கு வைக்கல் போட்டுக்கொண்டு நின்ற ஆச்சி, கையில் கிடந்ததை அப்படியே போட்டுவிட்டு வேலிக்கரைக்கு வந்தா. "இறக்கு ராசா அதை. நெஞ்சு படபடக்குது" என்றா. உடனே இறக்கினேன். அதன்பிறகு ஒரு ட்ரோனை மேம்படுத்துவது என்றால், என் கை முதலில் போவது விசிறிக்குத்தான்.

அந்த இரைச்சலின் பெரும்பகுதி மோட்டோரில் இருந்து வருவதில்லை. விசிறியின் நுனி காற்றை வெட்டுகிறபோதுதான் வருகிறது. நுனி எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ, சத்தம் அதைவிடப் பல மடங்கு கூடும். என்னிடம் இருப்பது எஃப்450 என்கிற, உலகம் முழுக்கப் பழகிய ஒரு சட்டகம்; வெறும் சட்டகம் 282 கிராம். மோட்டோர், பற்றரி, கமரா எல்லாம் சேர 1.2 கிலோவுக்குக் கிட்ட வரும். பழைய ஆளிடம் இருந்து வாங்கும்போது அதில் 8 அங்குல விசிறியும் நாலு செல் பற்றரியும் இருந்தன. 10 அங்குல விசிறியும் மூன்று செல் பற்றரியும் மாற்றினேன். அதே எடையைத் தூக்க 8 அங்குல விசிறி நிமிடத்துக்கு எட்டரை ஆயிரம் தடவை சுற்ற வேண்டும் என்றால், 10 அங்குலத்துக்கு ஐந்தரை ஆயிரம் போதும். கீச்சென்ற குரல் இறங்கித் தணிந்துவிட்டது. சத்தம் இல்லாமல் போகவில்லை. ஆனால் நாற்பது மீற்றருக்கு மேல் ஏறினால், கீழே மாமரத்துக்குள் நிற்கிறவர் தலையை நிமிர்த்துவதில்லை.

இன்னொரு இலாபமும் கூடவே வந்தது. அந்தரத்தில் நிற்கத் தேவையான மின்வலு, விசிறியின் விட்டம் கூடக் கூடக் குறையும். கணக்குப்படி 8 அங்குலத்தில் இருந்து 10 அங்குலத்துக்குப் போனால் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். இதற்கு மோட்டோரும் ஒத்து வர வேண்டும். மோட்டோரில் 920கேவி என்று போட்டிருந்தால், ஒரு வோல்ட்டுக்கு, சுமை இல்லாமல், நிமிடத்துக்கு 920 சுற்று என்று அர்த்தம். கேவி கூடிய மோட்டோரில் பெரிய விசிறியைப் பூட்டினால் மோட்டோர் சூடேறிச் சுருள் கருகும். பெரிய விசிறிக்குக் கேவி குறைந்த மோட்டோர், சின்ன விசிறிக்குக் கேவி கூடிய மோட்டோர்: இதை மனதில் வைத்திருந்தால் பாதிக் காசு வீணாகாது.

விசிறியை வாங்கியவுடன் பூட்டிவிடக் கூடாது. சமன் பார்க்க வேண்டும். மெல்லிய கம்பி ஒன்றில் விசிறியைக் கோத்து, கம்பியின் இரண்டு முனையையும் வழுக்கலான விளிம்பில் வைத்தால், பாரம் கூடிய பக்கம் மெதுவாகக் கீழே இறங்கும். மற்றப் பக்கத்தின் மேல்முகத்தில் நகக்கண்ணளவு செலோரேப் ஒட்டிப் பாருங்கள். கூடினால் கத்தரிக்கோலால் ஒரு இழை வெட்டுங்கள். எந்தப் பக்கமும் இறங்காமல், வைத்த இடத்தில் நிற்கிறவரை இதைச் செய்ய வேண்டும். பிறகு மோட்டோரைச் சுற்றவிட்டுச் சட்டகத்தின் கையை நடுவோடு சேர்கிற இடத்தில் தொட்டுப் பார்த்தால், முன்பு விரலில் ஏறிய அதிர்வு பாதிக்குமேல் போயிருக்கும். (விசிறி சுற்றும்போது உங்கள் விரல் அந்த இடத்தைத் தாண்டி விசிறிப் பக்கம் போகக் கூடாது. இந்தப் பிளாஸ்டிக் எலும்புவரை வெட்டும்.) அதிர்வு இருந்தால் படம் நெளிவது மட்டும் பிரச்சினையில்லை. பறப்பைக் கட்டுப்படுத்துகிற பலகை, தன் ஜைரோ உணரியில் தெரிகிற அந்த நடுக்கத்தையும் ட்ரோனின் அசைவு என்று எடுத்துக்கொண்டு மோட்டோர்களைக் கூட்டிக் கூட்டிக் குறைக்கும். மின்னும் போகும், மோட்டோரும் கொதிக்கும். நூறு ரூபா செலவில்லாத இந்த வேலைக்குப் பதினையாயிரம் ரூபா மோட்டோர் ஈடாகாது என்பது என் எண்ணம்.

அடுத்தது பற்றரி. பெரிய பற்றரி போட்டால் இரண்டு மடங்கு நேரம் பறக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். என் ட்ரோனில் 5000 மில்லி அம்பியர்-மணி லித்தியம் பொலிமர் பற்றரி ஏறத்தாழ 400 கிராம். அதேபோல இன்னொன்றைச் சேர்த்தால் மொத்த எடை 1.6 கிலோ. எடை மூன்றில் ஒரு பங்கு கூடினால் தேவையான மின்வலு பாதிக்குமேல் கூடிவிடும். ஆகவே இரண்டு மடங்கு மின்னுக்குக் கிடைப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் நேரம் மட்டுமே. மூன்றாவது பற்றரியையும் கட்டினால் இன்னும் ஓரிரு நிமிடம். அதற்குள் மோட்டோர்கள் தொட முடியாத சூடு. எடையைக் குறைப்பதுதான் மலிவான வழி. நீளமான வயர்களை வெட்டி அளவாக்குங்கள், தேவையில்லாத கால்களையும் கவசங்களையும் கழற்றுங்கள். ஈயம் ஒட்டும்போது மூட்டு மினுங்க வேண்டும். மங்கிப் பொருபொருத்துக் கிடந்தால் திரும்ப உருக்குங்கள், ஏனென்றால் பதினைந்து அம்பியர் அந்த இடத்தால்தான் போகிறது.

இனிக் காற்று. வைகாசி பிறந்தால் சோளகம் தொடங்கிவிடும். ஆனி, ஆடியில் பகல் பத்து மணிக்குப் பிறகு இரணைமடுக் குளக்கட்டில் நின்றால் சாரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். அந்தக் காற்றில் ட்ரோன் நிற்பது பிஐடி என்கிற மூன்று எண்களில் தங்கியிருக்கிறது. சரிந்த அளவுக்கு உடனே திருப்பித் தள்ளுவது முதல் எண். தள்ளலின் வேகத்தைப் பார்த்து அடக்குவது மூன்றாவது. நடுவில் உள்ள இரண்டாவதுதான் சோளகத்துக்கு உரியது. பரந்தனில் இருந்து பூநகரிக்குச் சைக்கிளில் போகிறவர், பக்கக்காற்று நிற்காமல் அடித்தால், தானாகவே காற்றுப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து மிதிப்பார். இரண்டாவது எண் அந்தச் சாய்வைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. கடையில் வருகிற எண்களோடு விட்டால், காற்றுக்கு ட்ரோன் மெல்ல மெல்ல ஒதுங்கும். அந்த இரண்டாவது எண்ணைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ட்ரோன் மெதுவாக ஊஞ்சலாடத் தொடங்கினால் கூடிவிட்டது, ஒருபடி இறக்குங்கள். பெரிய விசிறியின் குறை இந்த இடத்தில் தெரியும். பாரமான விசிறியைச் சட்டென்று கூட்டவும் குறைக்கவும் மோட்டோருக்கு நேரம் எடுக்கிறது. திடீர்ச் சுழற்காற்றில் சின்ன விசிறிதான் கெட்டிக்காரன். வளையாத, பாரம் குறைந்த விசிறி வாங்கினால் இந்தக் குறை பாதி தீரும்.

இந்த எண்களைத் தொட விடுகிற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆர்டுபைலட் அதில் ஒன்று. அதன் தொடக்கத்தில் இருந்தவர்களில் ஒருவர் ஜோர்டி முன்யோஸ், மெக்சிக்கோவில் பிறந்த இளைஞர். 2007இல் கலிபோர்னியாவில் வேலை செய்ய அனுமதி வராமல் வீட்டில் இருந்த நாட்களில், வீடியோ விளையாட்டுக் கைப்பிடியில் இருந்த உணரியைக் கழற்றி, விளையாட்டு ஹெலிகொப்டர் ஒன்றைத் தானாக நிலைக்கச் செய்தார். பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவை மிதித்து றேடியோவில் செய்தி கேட்ட எங்கள் ஆட்களுக்கு அவரை நன்றாக விளங்கும்.

திரும்பி வருவதும் எங்களுக்குச் சத்தம் குறைவதைப்போலவே முக்கியம். முகமாலைப் பக்கம் சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்டு, கண்ணிவெடி என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அகற்றும் வேலை ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. அந்தப் பலகைக்கு அப்பால் ட்ரோன் விழுந்தால் அது போனதுதான். எந்தக் காரணத்துக்காகவும் கால் வைக்கக் கூடாது. ட்ரோன் வழிதெரிந்து திரும்புவது ஜிபிஎஸ்ஸாலும் அதனோடு வருகிற திசைகாட்டியாலும்தான். ஆகவே அவற்றை நான் சட்டகத்தில் ஒட்டுவதே இல்லை. பத்துப் பன்னிரண்டு சென்ரிமீற்றர் உயரக் கம்பத்தில் ஏற்றுகிறேன். எங்கள் இடத்தில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. 15 அம்பியர் போகிற தனி வயர் ஒன்று, இரண்டு சென்ரிமீற்றர் தூரத்தில் 150 மைக்ரோடெஸ்லாவை உண்டாக்கும். திசைகாட்டி வடக்கை எப்படிக் கண்டுபிடிக்கும்? கம்பத்தில் ஏற்றி, பற்றரியின் சிவப்பு, கறுப்பு வயர்களை ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் அந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும். தொடர்பு அறுந்தால் தானாகத் திரும்புகிற உயரத்தை 40 மீற்றராக வையுங்கள். முற்றிய பனை 30 மீற்றர்வரை வளரும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாடு முழுவதும் ட்ரோன் தடை செய்யப்பட்டதை நாம் கண்டோம். இப்போதும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் பதிய வேண்டும், பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் வேண்டும். முகாம்களும் விமானத்தளமும் இருக்கிற எங்கள் பக்கத்தில் இதில் விளையாடக் கூடாது. பாரம் கூட்டி மேம்படுத்துகிறவர்கள், புதிய எடைக்குப் பதிவு சரிதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் முதலே போய்ச் சொல்லிவிடுங்கள். அது எந்தச் சட்டத்திலும் இல்லாவிட்டாலும் எனக்குக் கட்டாயம்.

இப்போது மேசையில் கிடப்பது லித்தியம் அயன் செல்கள் பன்னிரண்டைக் கோத்த ஒரு பற்றரி. அறுநூறு கிராமுக்குள், பழையதைவிட இரண்டரை மடங்கு மின் பிடிக்கும். கணக்கில் அரைமணி நேரத்துக்கு மேல் பறக்கலாம். ஒரு வாய்க்கால் முழுவதையும் ஒரே ஏற்றத்தில் படம் எடுக்கக் காணும். ஆனால் சடுதியாகக் கூடிய மின்னோட்டம் கேட்டால் இந்தச் செல்கள் வோல்ட்டை இறக்கிவிடும். ஆகவே இதைக் காற்று எழும்ப முந்திய விடியற்காலைக்கும், பொலிமரைச் சோளகத்துக்கும் என்று வைத்திருக்கிறேன். செய்து பார்க்க விரும்புகிறவர்கள் பழைய லப்டொப் பற்றரியை உடைத்துச் செல் எடுக்க வேண்டாம். அவை ஒருபோதும் இவ்வளவு மின்னைத் தரச் செய்யப்பட்டவையல்ல. வானத்தில் வைத்து ஒரு செல் கைவிட்டாலே நாலு மோட்டோரும் ஒன்றாய் நிற்கக்கூடும்.