பூனைக்குட்டியைக் குளிப்பாட்டலாமா?

எங்க வீட்டு விறகுக் கொட்டகையில் பூனை 3 குட்டி போட்டிருக்கு. தெள்ளுப்பூச்சி ஏறியிருக்கு, குளிப்பாட்டு என்கிறார் பாட்டி. நான் மாட்டேன்னுட்டேன். ஏன் தெரியுமா? பிறந்து 4 வாரம் வரை குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்க முடியாது. நனைந்தால் விறைத்துச் செத்தே போகலாம். தாய் நக்கிவிடுவதுதான் அதற்குக் குளியல்.

ரொம்ப அழுக்கா? வெதுவெதுப்பான தண்ணீரில் துணியைப் பிழிந்து துடைத்து, உடனே ஈரம் போக ஒற்றி எடுக்கணும். தெள்ளுக்குப் பேன்சீப்பு போதும். டெட்டால் மட்டும் வேண்டவே வேண்டாம். உடம்பை நக்கும்போது உள்ளே போகும். பூனையின் கல்லீரலால் அந்த மருந்தை முறிக்க முடியாது. நாய்க்குப் போடும் தெள்ளுப் பவுடரும் (பெர்மெத்ரின் கலந்தது) விஷமே. 8 வாரம் தாண்டினாலும் சேற்றிலோ எண்ணெயிலோ விழுந்தால்தான் குளியல்.