படுகளத்தில் தங்கை: வீரப்பூரில் வாழும் அண்ணன்மார் கதை

குடும்ப உறவு, நட்பு, பழி ஆகியவற்றை மையமாகக் கொண்ட சாமுராய் காலக் கதைகளை நாடகமாகவும் திரைப்படமாகவும் ஆக்கும் மரபு ஜப்பானில் வலுவானது. இத்தகைய படைப்புகள் அங்கு 'ஜிதைகெகி' எனப்படுகின்றன. தலைவனை இழந்த 47 வீரர்கள் 1703இல் பழிதீர்த்த நிகழ்ச்சி, 1748இல் பொம்மலாட்ட நாடகமாக அரங்கேறி, அம்மரபின் முதன்மைக் கதையாக நிலைத்தது. அதற்கு நிகரான செறிவுடைய தமிழ்ப் பெருங்கதையாகிய அண்ணன்மார் கதை, மணப்பாறை வட்டத்து வீரப்பூரில் இன்றும் சடங்காக வாழ்கிறது.

இக்கதையின் பகை பங்காளிகளிடம், அதாவது ஒரே குலத்தில் பிறந்து காணியுரிமைக்குப் போட்டியிடும் தாயாதிகளிடம் தொடங்குகிறது. குன்னுடையானுக்கும் தாமரைக்கும் ஆண்பிள்ளை பிறந்தால் கொன்றுவிடுமாறு மருத்துவச்சியை அவர்கள் ஏவ, அண்ணன்மாராகிய பொன்னரும் சங்கரும் செல்லாண்டியம்மன் காவலில் மறைவாக வளர, உடன்பிறந்த தங்கை மட்டும் பெற்றோரிடம் வளர்கிறாள். பின்னாளில் அண்ணன்மார் பங்காளிகளை ஒடுக்கினாலும் பகை தணியாமல், வேட்டுவரோடு மூளும் போராக விரிகிறது. அப்போரில் அவர்களுக்குத் துணைநிற்கும் சாம்புவன், கதையில் ஒடுக்கப்பட்ட குலத்து ஏவலனாக அறிமுகமாகி, உயிர்த்தோழனாக உயர்ந்து, அவர்களோடு சேர்த்து வணங்கவும்படுகிறான்.

ஒரு கையில் பிடிக்கும் உடுக்கையை அடித்து, அதன் கயிற்றை இறுக்கியும் தளர்த்தியும் ஒலியை ஏற்றி இறக்கி, பல இரவுகள் தொடர்ந்து பாடப்படும் இக்கதையைக் கொங்கு நாட்டில் 1965இல் ஆய்வாளர் பிரெண்டா பெக் ஒலிப்பதிவு செய்தார். மு. கருணாநிதியின் புதினமாகவும், அதை ஒட்டி 2011இல் வெளிவந்த திரைப்படமாகவும் 'பொன்னர் சங்கர்' என்ற பெயரில் அது புதிய வடிவங்கள் கொண்டது.

ஆயினும் கதையின் உயிர்நாடி படுகளத்தில், அதாவது வீரர்கள் வீழ்ந்த களத்தில் இருக்கிறது. 16 ஆண்டு ஆயுள் முடிந்ததை உணர்ந்து தம் வாளிலேயே வீழ்ந்த அண்ணன்மாரைத் தேடிவரும் தங்கை, பெரியகாண்டியம்மன் அருளால் அவர்களைச் சிறிது நேரம் எழுப்பிப் பேசுகிறாள். மாசித் திருவிழாவில், களத்தில் விழுந்து கிடப்போர் மீது தீர்த்தம் தெளித்து எழுப்பும் சடங்காக இது நிகழ்த்தப்படுகிறது. 47 வீரர்களின் கதை பழி நிறைவேறியதில் உச்சம் காண்கிறது. அண்ணன்மார் கதையோ வெற்றிகள் அனைத்தையும் கடந்து, இழந்தவளின் துயரத்துக்கே இறுதி இடத்தைத் தருகிறது. பழி எத்தனை நியாயமானதாக இருந்தாலும், அதன் விலையை எஞ்சியிருப்பவரே செலுத்துகிறார் என்பதைத் தலைமுறைதோறும் உணர்த்துவதாலேயே, இக்கதை வீரப்புகழையும் மிஞ்சிய அறநூலாகப் போற்றத் தக்கது.