பருத்திக்காட்டு அக்கார்டியன்… தெரியுமா?

1930-களில் அமெரிக்காவில் வாழ்ந்த போலந்துக்காரர்களுக்கென்று ‘போல்ஸ்கி குவார்டெட்’ என்ற பெயரில் விற்ற இசைத்தட்டில் வாசித்தவர் யார் தெரியுமா? தெற்கு டெக்சாஸின் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில் வளர்ந்த மெக்சிகக்காரர், நர்சிஸோ மார்டினெஸ்!

அக்கார்டியன் வாசிப்பில் அப்படியொரு வேகம். ‘பள்ளத்தாக்கின் சூறாவளி’ என்றே பட்டம் கொடுத்துவிட்டார்கள். பாடல் வரியே இல்லாத வெறும் வாத்திய இசை. எந்த மொழிக்காரர் கேட்டால் என்ன என்று ப்ளூபேர்ட் இசைத்தட்டுக் கம்பெனி கணக்குப் போட்டது. லூசியானாவின் பிரெஞ்சு பேசும் கேஜன் மக்களுக்கு அதே ஆள் ‘லூசியானா பீட்’! ஊருக்கொரு பெயர், வாசித்த விரல்கள் மட்டும் ஒன்றே.

பணம் கொட்டியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? லாரி ஓட்டினார். ஃப்ளோரிடாவுக்குப் போய் வயல் வேலை பார்த்தார். கடைசியில் பிரௌன்ஸ்வில் நகர மிருகக்காட்சி சாலையில் விலங்குகளைப் பராமரிக்கும் வேலை! ஒரு முழு இசை வகைக்கே தந்தை என்று போற்றப்படுபவருக்கு இதுதான் பிழைப்பு. அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலை விருது 1983-ல்தான் வந்தது. அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

அவர் செய்த புதுமையும் விசித்திரமானது. பொத்தான் அக்கார்டியனில் வலது கைக்கு ராகம், இடது கைக்கு அடிச்சுருதி. மார்டினெஸ் இடது பக்கத்தை ஏறக்குறைய தொடுவதையே விட்டுவிட்டார்! அந்த வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சான்டியாகோ அல்மெய்தாவின் ‘பாஹோ செக்ஸ்டோ’ பார்த்துக்கொண்டது. 12 கம்பிகள் கொண்ட, கனத்த குரலுடைய கிட்டார் இனத்து வாத்தியம் அது. சுமை இறங்கியதும் வலது கை பறந்தது. தெஹானோ மக்களின், அதாவது டெக்சாஸ் மெக்சிகர்களின், ‘கொன்ஹுன்டோ’ இசைக்கு இந்த ஜோடிதான் அஸ்திவாரம்.

மெக்சிகர்கள் கைக்கு அக்கார்டியன் எப்படி வந்தது? டெக்சாஸில் குடியேறிய ஜெர்மானியரும் செக் நாட்டவரும் போல்கா நடனத்தோடு கொண்டுவந்தார்கள். காற்றில் அதிரும் உலோக நாக்குகள்தான் உள்ளே. நம்மூர் ஹார்மோனியத்துக்கு நெருங்கிய சொந்தம்! ஆனால் இந்தப் பெட்டியில் ஒரே பொத்தானை அமுக்கிக்கொண்டு இழுத்தால் ஒரு ஸ்வரம், தள்ளினால் இன்னொன்று. மனுஷன் கற்றுக்கொள்கிற விஷயமா அது!

கற்றுக்கொண்டார்கள், அதுவும் வேலைக்காகத் தங்கிய முகாம்களில். ரியோ கிராண்டே பள்ளத்தாக்கின் ஏழைக் குடும்பங்கள் பருவத்துக்குப் பருவம் குஞ்சு குளுவானோடு கிளம்பும். ஒரு சீசன் பருத்தி, ஒரு சீசன் வடக்கே மிச்சிகனில் சர்க்கரை தயாரிக்கப் பயன்படும் பீட் கிழங்கு. பிள்ளை பிறப்பதும் போகிற வழியில்தான்! அக்கார்டியன் கலைஞர் வலேரியோ லொங்கோரியா 1924-ல் பிறந்த ஊர் மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல். ஆம், கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசைக்குப் பேர்போன அதே கிளார்க்ஸ்டேல்! பின்னாளில் ராணுவத்தில் சேர்ந்து ஜெர்மனிக்குப் போனவர், அங்கேயும் ஓர் அக்கார்டியனைத் தேடிப் பிடித்து வாசித்திருக்கிறார். பெட்டியின் தாய்வீட்டிலேயே! திரும்பி வந்து கொன்ஹுன்டோவுக்குள் டிரம்ஸைக் கொண்டுவந்த பெருமையும் அவருக்குத்தான்.

டிரம்ஸ் வந்ததும் ஓட்டம் நிதானப்பட்டது. இன்னோர் அக்கார்டியன் கலைஞரான டோனி தெ லா ரோஸா போல்காவின் வேகத்தைக் குறைத்து, ஸ்வரங்களைத் துண்டு துண்டாக வெட்டி வாசித்தார். தரையைத் தேய்த்தபடி மெல்ல நகரும் ஒரு நடனமே அதற்கேற்பப் பரவியது. அதன் பெயர் ‘தகுவாசீட்டோ’, குட்டி ஓபோசம்! பையில் குட்டி சுமக்கும் அந்தப் பிராணியின் நடையைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

லிடியா மெண்டோஸா கொன்ஹுன்டோ கலைஞர் அல்ல, தனியாகக் கிட்டார் வாசித்துப் பாடியவர். ஆனாலும் அவரை விட்டுவிட மனம் வரவில்லை. 1934-ல் அவரை நட்சத்திரமாக்கிய பாடலின் வரிகளைச் சிறுமியாக இருந்தபோது எங்கே படித்தார் தெரியுமா? சூயிங் கம் சுற்றிய காகிதத்தில்! 1928-ல் குடும்பத்தோடு முதல் இசைத்தட்டைப் பதிவு செய்த பிறகும் பிழைப்பு தேடி மிச்சிகன் பீட் வயல்களுக்குத்தான் போனார்கள். 2013-ல் அவருக்குத் தபால் தலை வெளியிட்டது அமெரிக்கா.

கொஞ்சம் வசதி வந்த மெக்சிக அமெரிக்கர்கள் கொன்ஹுன்டோ இசையைச் சாராயக்கடைச் சத்தம் என்று ஒதுக்கியதும் உண்டு. அவர்களுக்குப் பெரிய ஆர்க்கெஸ்ட்ராதான் கௌரவம். அதே இசையில் ஊறிய சான் அன்டோனியோவின் அக்கார்டியன் கலைஞர் ஃப்ளாக்கோ ஹிமெனெஸைத்தான் 1994-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழு தங்கள் ஆல்பத்தில் வாசிக்கக் கூப்பிட்டது!

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது எஸ்தெபான் ஜோர்டானின் கதை. 1939-ல் டெக்சாஸின் எல்சா என்ற சிற்றூரில், வயல் வயலாக அலையும் கூலிக் குடும்பத்தில் பிறந்தார். கூடப் பிறந்தவர்களோடு சேர்த்து 15 பேர்! பிறந்ததும் மருத்துவச்சி கண்ணில் விட்ட சொட்டு மருந்து கெட்டுப்போயிருந்தது, பார்வை பாழானது. மற்றப் பிள்ளைகளெல்லாம் வயலுக்குப் போக, சரியாகக் கண் தெரியாத பையனை முகாமில் வயசானவர்களோடு விட்டுவிட்டுப் போனார்கள். அவர்களிடம் கிட்டாரும் மவுத் ஆர்கனும் பழகினான். அந்த மாதிரி ஒரு முகாமுக்குத்தான் அக்கார்டியனும் கையுமாக வந்து சேர்ந்தார் ஒருவர். யார் என்கிறீர்கள்? அதே வலேரியோ லொங்கோரியா!

பையன் வளர்ந்து கண்ணில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு மேடையேறினான். ராக் கிட்டார்காரர்கள் பயன்படுத்தும் எதிரொலிக் கருவிகளையும் ஒலியைச் சுழற்றும் ஃபேஸ் ஷிஃப்டரையும் அக்கார்டியனில் மாட்டினார். போல்காவுக்குள் ஜாஸ், ராக் என்று கிடைத்ததையெல்லாம் இழுத்துப்போட்டார். ‘அக்கார்டியனின் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ்’ என்றார்கள் ரசிகர்கள்.  ஜெர்மனியின் ஹோனர் அக்கார்டியன் கம்பெனி ‘ராக்கார்டியன்’ என்று ஒரு மாடலையே அவர் பெயரில் கொண்டுவந்தது!