டாரட்டில் ‘மரணம்’ கார்டு வந்தால் பயப்படணுமா? எண்களும் வடிவங்களும் சொல்வது என்ன?

காலையில் எழுந்ததும் ஃபோனை எடுத்து, செயலியைத் திறந்து, ‘இன்றைய கார்டு’ என்ற பட்டனைத் தொடும் பழக்கம் பல இளைஞர்களிடம் இருக்கிறது. சூரியன் படம் வந்தால் சந்தோஷம். எலும்புக்கூடு குதிரையில் ஏறி வந்தால் அன்றைய நாளே போச்சு! இன்டர்வியூவைத் தள்ளிப்போடலாமா, அந்த மெசேஜை அனுப்பாமலே விட்டுடலாமா என்று மனசு அலைபாய ஆரம்பித்துவிடும்.

ஒரு படத்துக்கு இவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது? அதில் இருக்கும் எண்ணும் வட்டமும் சதுரமும் யார் முடிவு செய்தவை? கொஞ்சம் பின்னோக்கிப் போனால் விஷயம் தெளிவாகும்.

பிறந்தது ஜோசியத்துக்காக அல்ல

டாரட் பிறந்தது 15-ம் நூற்றாண்டில், வட இத்தாலியில். அதுவும் ஜோசியத்துக்காக இல்லை, சீட்டு விளையாட. ஏற்கெனவே இருந்த நான்கு வகைச் சீட்டுகளோடு ‘துருப்பு’ச் சீட்டுகளைச் சேர்த்தார்கள். அரசன், சக்கரம், மரணம், சூரியன் எல்லாம் அந்தத் துருப்புகள். பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் இன்றைக்கும் டாரட்டை வெறும் சீட்டாட்டமாகவே ஆடுகிறார்கள்.

மொத்தம் 78 கார்டுகள். இதில் 22 ‘மேஜர் அர்கானா’. மீதி 56 ‘மைனர் அர்கானா’. கோல், கோப்பை, வாள், நாணயம் என நான்கு பிரிவுகள், பிரிவுக்கு 14 கார்டுகள். நாம் ரம்மி ஆடும் 52 சீட்டுக்கட்டின் சொந்தக்காரர்தான் இது.

அப்படியானால் ‘எகிப்தியர்களின் ரகசிய ஞானம்’ என்ற கதை? 1781-ல் பிரெஞ்சு எழுத்தாளர் கூர் தெ ஜெபலன் எழுதியது அது. அப்போது எகிப்தின் பழைய சித்திர எழுத்தைப் படிக்க யாருக்குமே தெரியாது. அதைப் படிக்க வழி காட்டிய ஷாம்போலியனின் கண்டுபிடிப்பு வெளியானது 1822-ல். கதையை உறுதிப்படுத்தும் சான்று எதுவும் அதன் பிறகும் கிடைக்கவில்லை. ஆனால் கதை நின்றுவிட்டது. ஆக, டாரட்டை வைத்துக் குறி சொல்லும் வழக்கம் பெரிதாகப் பரவியது 18-ம் நூற்றாண்டின் கடைசியில்தான்.

படம் வரைந்தவர் ஒரு பெண்

இன்று செயலிகளிலும் ரீல்ஸிலும் அதிகம் பார்க்கும் படங்கள் 1909-ல் லண்டனில் வெளியான கட்டிலிருந்து வந்தவை, அல்லது அதைப் பார்த்து வரைந்தவை. ஆர்தர் எட்வர்ட் வெயிட் என்பவர் திட்டமிட்டார். படங்களை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித்.

அதற்கு முன்பு பெரும்பாலான கட்டுகளில் ‘நாணயம் 5’ என்றால் ஐந்து நாணயங்கள் மட்டும்தான் இருக்கும். ஸ்மித் அதை ஒரு காட்சியாக மாற்றினார். கொட்டும் பனியில் இரண்டு ஏழைகள், பக்கத்தில் வெளிச்சம் நிறைந்த தேவாலய ஜன்னல். பார்த்த உடனே ஒரு கதை தோன்றுகிறது அல்லவா? டாரட் உலகம் முழுக்கப் பரவியதற்கு அந்தக் காட்சிகள் முக்கியக் காரணம்.

ஆனால் அந்தக் கட்டு பல பத்தாண்டுகளாக ‘ரைடர்-வெயிட்’ என்றே அழைக்கப்பட்டது. பதிப்பகத்தின் பெயர் இருந்தது, திட்டமிட்டவர் பெயர் இருந்தது, வரைந்தவர் பெயர் இல்லை. அவருக்குக் கிடைத்த சம்பளமும் சொற்பம். 1951-ல் கடனோடுதான் இறந்தார். இப்போதுதான் பலரும் ‘ரைடர்-வெயிட்-ஸ்மித்’ என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள்.

எண்கள் என்ன சொல்கின்றன?

பொதுவாகப் பின்பற்றும் கணக்கு இதுதான்: 1 தொடக்கம், 2 ஜோடி அல்லது இரண்டில் ஒன்றைத் தேர்வது, 3 வளர்ச்சி, 4 நிலைத்தன்மை, 5 குழப்பம், 6 சமநிலை, 7 சோதனை, 8 வேகம், 9 நிறைவுக்கு ஒரு படி முன்பு, 10 ஒரு சுற்றின் முடிவு.

நான்கு ஐந்துகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் இது எளிதில் புரியும். கோல் 5-ல் ஐந்து பேர் கோல்களோடு மோதுகிறார்கள். கோப்பை 5-ல் கவிழ்ந்த மூன்று கோப்பைகளையே ஒருவர் பார்த்து நிற்கிறார், பின்னால் நிமிர்ந்து நிற்கும் இரண்டை அவர் கவனிக்கவில்லை. வாள் 5-ல் ஜெயித்தவர் வாள்களைப் பொறுக்குகிறார், மற்ற இருவர் விலகிப் போகிறார்கள். நாணயம் 5-ல் அந்தப் பனிக்காட்சி. நான்கிலும் ஏதோ ஒன்று கலைந்திருக்கிறது.

ஆனால் இது இயற்கையின் விதி ஒன்றும் இல்லை. பழைய பிரெஞ்சுக் கட்டுகளில் நீதிக்கு 8, வலிமைக்கு 11. வெயிட் அதை மாற்றி வலிமைக்கு 8, நீதிக்கு 11 கொடுத்தார். அதாவது, “எனக்கு 8 வந்திருக்கு, அது வலிமையின் எண்” என்று இன்று ஒருவர் சொன்னால், அதன் பின்னால் இருப்பது நூறு வருஷத்துக்கு முன்பு சிலர் எடுத்த முடிவு. அவ்வளவுதான்!

வட்டம், சதுரம், படுத்த எட்டு

வடிவங்களும் இப்படித்தான். 10-ம் எண் ‘அதிர்ஷ்டச் சக்கரம்’ ஒரு வட்டம்: மேலே இருப்பது கீழே வரும், கீழே இருப்பது மேலே போகும். 21-ம் எண் ‘உலகம்’ கார்டில் நீள்வட்ட மாலைக்குள் ஒரு உருவம்: ஒரு பயணம் முடிந்தது. 1-ம் எண் ‘மந்திரவாதி’யின் தலைக்கு மேல் படுத்திருக்கும் 8, கணக்குப் பாடத்தில் வரும் அதே முடிவிலிக் குறி. 14-ம் எண் ‘நிதானம்’ கார்டில் தேவதையின் மார்பில் சதுரத்துக்குள் முக்கோணம்.

13-ம் எண் ‘மரண’த்துக்கு வருவோம். கவசம் போட்ட எலும்புக்கூட்டைப் பார்த்ததும் பலர் கார்டை மூடிவிடுகிறார்கள். அதன் ஓரத்தைக் கவனித்தால், இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன் தெரியும். கறுப்புக் கொடியில் வெள்ளை ரோஜா. டாரட் வாசிப்பவர்களே இதை ‘உயிர் போகும்’ என்று படிப்பதில்லை. ஒரு கட்டம் முடிந்து இன்னொன்று தொடங்குவதாகத்தான் பெரும்பாலும் படிக்கிறார்கள்.

ஒரே கார்டு திரும்பத் திரும்ப வருதே?

“இந்த மாசம் ரெண்டு தடவை அதே கார்டு. ஏதோ சொல்ல வருது!” இப்படி நினைப்பவர்கள் அதிகம். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. 78 கார்டுகளைக் குலுக்கி தினமும் ஒன்று எடுத்தால், 11 நாட்களுக்குள் ஏதாவது ஒரு கார்டு இரண்டாவது முறை வர பாதிக்கும் மேல் வாய்ப்பு உண்டு. 21 நாட்களில் அது சுமார் 95 சதவீதம். குறிப்பாக ‘மரணம்’ கார்டே 30 நாட்களில் ஒரு முறையாவது வர சுமார் 32 சதவீதம் வாய்ப்பு. மூன்று வாரம் எந்தக் கார்டும் திரும்ப வராமல் இருந்தால்தான் ஆச்சரியப்படணும்.

‘எனக்கே சொன்ன மாதிரி இருக்கு’

1948-ல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு ஆளுமைத் தேர்வு வைத்தார். பிறகு ஒவ்வொருவருக்கும் ‘உங்கள் முடிவு’ என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. பிறகுதான் விஷயத்தை உடைத்தார்: எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள். வரிகள் கடையில் வாங்கிய ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை.

‘நீங்கள் வெளியே திடமாக இருந்தாலும் உள்ளுக்குள் கவலைப்படுகிறீர்கள்’ என்றால் யாருக்குத்தான் பொருந்தாது?

அப்போ, தினம் ஒரு கார்டு வீண் வேலையா?

அது, கார்டிடம் என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

நாணயம் 4-ஐ எடுத்துக்கொள்வோம். ஒரு மனிதன் ஒரு நாணயத்தை நெஞ்சோடு அணைத்திருக்கிறான். தலையில் ஒன்று, இரண்டு கால்களுக்கு அடியிலும் ஒவ்வொன்று. எண் 4, நிலையானது. ஆனால் காலை எடுத்தால் நாணயம் போய்விடும், அதனால் அவனால் எழுந்திருக்க முடியாது. புது வேலைக்கு ஆஃபர் வந்திருக்கும் ஒருவர் இதைப் பார்த்து, “நான் மாறலாமா?” என்று கேட்டால் கார்டிடம் பதில் இல்லை. கம்பெனியின் நிலைமையோ, வீட்டு லோன் தவணையோ அதற்குத் தெரியாது. “எதை இறுக்கிப் பிடித்திருப்பதால் நகர முடியாமல் இருக்கிறேன்?” என்று தன்னையே கேட்டால், பதில் அவரிடமே கிடைக்கும். ஏனென்றால் சம்பளமும் பயமும் அவருக்குத்தான் தெரியும்.

இப்படிப் பயன்படுத்த விரும்புபவர்களுக்குச் சில எளிய வழிகள்:

• ‘என்ன நடக்கும்?’ என்று கேட்காமல், ‘நான் எதைக் கவனிக்காமல் விட்டேன்?’ என்று கேளுங்கள்.

• அர்த்தத்தைத் தேடும் முன் படத்தை ஒரு நிமிடம் பாருங்கள். எண், வடிவம், ஓரத்தில் இருப்பது எல்லாவற்றையும்.

• தோன்றியதை இரண்டு மூன்று வரி எழுதுங்கள்.

• பிடிக்காத கார்டு வந்தால், நல்லது வரும்வரை திரும்ப எடுக்காதீர்கள். அது பதற்றத்தைக் கூட்டும்.

• மருத்துவம், கடன், வழக்கு, திருமணம் போன்ற முடிவுகளை விவரம் தெரிந்தவர்களோடு பேசி எடுங்கள்.

• ‘கெட்ட கார்டு, பரிகாரத்துக்குப் பணம் அனுப்புங்கள்’ என்று யாராவது சொன்னால், உரையாடலை அங்கேயே முடியுங்கள்.

கார்டு பார்க்காமல் வீட்டை விட்டுக் கிளம்பவே முடியவில்லை என்ற நிலை வந்தால், அது டாரட் விஷயம் இல்லை, பதற்றம். ஒரு மனநல ஆலோசகரிடம் பேசுவது நல்லது.

இன்டர்வியூ அன்று 13-ம் எண் வந்தாலும், இன்டர்வியூ எடுப்பவருக்கு அது தெரியப்போவதில்லை. சரியான நேரத்துக்குக் கிளம்புங்கள், போதும்.