உறக்கத்தில் நடக்கும் பிள்ளை

மண்சரிவில் வீட்டை விட்டு, பொல்பிட்டியவில் உறவினரின் லயக் காம்பராவில் ஒண்டியிருக்கிறோம். நடுச்சாமத்தில் ஐந்து வயதுப் பிள்ளை எழுந்து, கண் திறந்தபடியே நடந்து, மூலையில் சிறுநீர் கழித்துவிட்டுப் படுக்கிறது. காலையில் கேட்டால் ஒன்றும் தெரியாது. பேய் என்று மந்திரிக்க ஓடுகிறோம். சில வேளை அடித்தும் விடுகிறோம். நனைந்த பாயை அயலார் பார்க்கக் காயப்போடும் கூச்சம் அப்படி!

இது பேயுமல்ல, பிடிவாதமுமல்ல. படுத்த ஓரிரு மணிநேரத்தில், ஆழ்ந்த உறக்கத்தில் வருவது. களைப்பு, காய்ச்சல், மனப்பயம், நிறைந்த சிறுநீர்ப்பை ஆகியவை தூண்டும். பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும்.

உலுக்காமல் மெல்லப் படுக்கைக்குக் கூட்டிவருவோம். வெளியே பள்ளம், ஓயா. ஆகவே கதவுக்கு உயரத்தில் தாழ் வேண்டும். குப்பி விளக்கும் எட்டாதிருக்கட்டும். இரவில் தேத்தண்ணீரைத் தவிர்த்து, படுக்குமுன் சிறுநீர் கழிக்க வைப்போம். கக்கூசு தூரமென்றால் ஒரு வாளி போதும். ஆறு மாதம் நனைக்காதிருந்த பிள்ளை மீண்டும் நனைத்தால், அல்லது எரிச்சலோ அதிக தாகமோ இருந்தால், வைத்தியரிடம் காட்டுங்கள்.