காசுப்பெட்டிக்கு ஒரு சாவி, கணினிக்கு எத்தனை?

கொழும்பில் பிரதான வீதியொன்றில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒரு முதலாளி எனக்கு நீண்டகாலப் பழக்கம். பகலில் சோறு, இரவில் கொத்தும் புரியாணியும் என்று கடையில் எப்போதும் கூட்டம். சில வருடங்களுக்கு முன்னர் நல்ல விலை கொடுத்து பில் போடும் மென்பொருள் ஒன்றை வாங்கிப் பொருத்தினார். இனிக் கணக்கில் ஒரு சதமும் பிசகாது என்று நம்பினார்.

ஒரு மாத முடிவில் அறிக்கையை எடுத்துப் பார்த்தபோது, எழுபதுக்கும் மேற்பட்ட பில்கள் இரத்துச் செய்யப்பட்டிருந்தன. அத்தனையும் ஒரே காசாளரின் பெயரில். பதினொரு வருடமாகக் கடையில் இருந்த மனிதர் அவர். முதலாளி கூப்பிட்டுக் கேட்டார். "நான் எடுக்கல்ல முதலாளி. என்ட நம்பர்ல யார் அடிச்சாங்களோ எனக்குத் தெரியா" என்று அவர் சொன்னார். அது சாக்குப்போக்காகவே முதலாளிக்குப் பட்டது. வார்த்தை தடித்தது. அன்றிரவே அந்தக் காசாளர் வேலையை விட்டுப் போனார்.

அடுத்த மாதமும் முதலாளி அதே அறிக்கையை எடுத்தார். இரத்துச் செய்யப்பட்ட பில்கள் குறையவில்லை. அவையும் விலகிப் போன அந்தக் காசாளரின் பெயரிலேயே இருந்தன! ஊருக்குப் போய்விட்ட மனிதர் கொழும்புக் கடையில் எப்படி பில் இரத்துச் செய்வார்? அதன்பிறகுதான் உண்மை வெளியே வந்தது. அந்த நான்கு இலக்கங்கள் கடையில் எல்லோருக்கும் தெரியும். கூட்டம் நெரியும் நேரத்தில் யார் கணினிக்கு முன்னால் நின்றாலும் அதையே அடித்து வந்திருக்கிறார்கள். உண்மையில் எடுத்தது யார் என்பதை இன்றுவரை அந்த முதலாளியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பணம் போனது ஒரு நட்டம். நம்பிக்கையான ஒருவர் மீது வீண்பழி விழுந்தது அதைவிடப் பெரிய நட்டம். இரண்டும் ஒரே காரணத்தால் வந்தவை. மென்பொருளை வாங்கிய நாம், அதில் ஊழியர் கணக்குகளையும் அனுமதிகளையும் ஒழுங்கு செய்யும் பகுதியை ஒருநாளும் திறந்து பார்ப்பதில்லை.

மணி அடித்த இயந்திரம்

இந்தப் பிரச்சினை கணினியோடு வந்ததல்ல. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டேட்டன் நகரில் ஜேம்ஸ் ரிட்டி என்பவர் மதுக்கடையொன்று நடத்தி வந்தார். வியாபாரம் நன்றாக நடந்தும் கையில் காசு நிற்கவில்லை. 1878இல் ஐரோப்பாவுக்குக் கப்பலில் போனபோது, கப்பலின் சுழலி எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணும் பொறியைக் கண்டார். விற்பனையையும் இப்படி எண்ணலாமே என்ற யோசனை அங்கேதான் பிறந்தது. 1879இல் தனது சகோதரருடன் சேர்ந்து காசுப் பதிவு இயந்திரத்துக்கு உரிமம் பெற்றார். 'களவு செய்யாத காசாளர்' என்ற பொருள்படும் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். பின்னர் வந்த இயந்திரங்களில் லாச்சி திறக்கும்போது மணி அடிக்கும். பின்னால் இருக்கும் முதலாளிக்கு அது கேட்கும்.

லாச்சி திறந்தது என்பதை மணி சொன்னது. திறந்தது யார் என்று சொல்லவில்லை. இன்றைய மென்பொருள் அதையும் சொல்லும். எந்த நிமிடம், எந்த மேசை, எந்தப் பண்டம், யாருடைய இலக்கம் என்று எல்லாவற்றையும் எழுதி வைக்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொருவரும் தமது சொந்த இலக்கத்தில் வேலை செய்ய வேண்டும். ஒரு இலக்கத்தை ஒன்பது பேர் பாவித்தால், அந்தப் பதிவேட்டில் உள்ள பெயருக்கு ஒரு பெறுமதியும் இல்லை.

எனவே முதலாவது விதி, ஆளுக்கொரு கணக்கு. இரகசிய இலக்கத்தை ஊழியரே தெரிவு செய்யட்டும். நான்கு இலக்கங்களில் பத்தாயிரம் சேர்க்கைகள் உண்டு. ஆனால் நம்மவர்கள் 1234, 1111, பிறந்த வருடம் என்ற வட்டத்தை விட்டு வெளியே போவதில்லை. அதைத் தடை செய்யுங்கள். வசதியிருந்தால் கைவிரல் அடையாளம் அல்லது காந்த அட்டை வைக்கலாம். எவரும் தொடாமல் ஒரு நிமிடம் இருந்தால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளுமாறும் அமைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு எந்தக் கதவு?

இரண்டாவது விதி, வேலைக்குத் தேவையான அனுமதி மட்டும். வீட்டுச் சாவிக் கொத்தை முழுதாக வேலைக்காரரிடம் கொடுக்காத நாம், கடைக் கணினியில் எல்லோரையும் முதலாளியாக்கி வைத்திருக்கிறோம். பெரும்பாலான மென்பொருட்களில் பதவிவாரியாக அனுமதி வகுக்க முடியும். நடுத்தரக் கடையொன்றுக்கு இப்படி வகுக்கலாம்:

வெயிட்டர்: ஓடர் எடுக்கலாம், சேர்க்கலாம், குசினிக்கு அனுப்பலாம். குசினிக்குப் போன பின் அதை அழிக்க முடியாது. விலைக்கழிவு கொடுக்கவோ லாச்சியைத் திறக்கவோ முடியாது.

காசாளர்: காசு வாங்கலாம், பற்றுச்சீட்டு கொடுக்கலாம். பணம் செலுத்திய பில்லை இரத்துச் செய்யவோ, விலையை மாற்றவோ, பழைய திகதிக்குப் போகவோ முடியாது.

மேற்பார்வையாளர்: இரத்துச் செய்யலாம், குறிப்பிட்ட எல்லை வரை விலைக்கழிவு கொடுக்கலாம். ஒவ்வொரு முறையும் காரணம் பதிய வேண்டும்.

களஞ்சியப் பொறுப்பாளர்: வந்த சரக்கையும் குசினிக்குக் கொடுத்த சரக்கையும் பதியலாம். இருப்புக் கணக்கைத் திருத்துவது இன்னொருவரின் ஒப்புதலோடு நடக்க வேண்டும். வாங்குபவரே இருப்பையும் திருத்தினால், இறைச்சி எத்தனை கிலோ வந்தது என்பது அவர் சொல்வதுதான்.

கணக்காளர்: அறிக்கைகளைப் பார்க்கலாம். எதையும் மாற்ற முடியாது.

முதலாளி: புதிய கணக்குத் திறப்பதும் அனுமதி கொடுப்பதும் இவரிடம் மட்டும். ஆனால் இவரும் காசுமேசையில் உட்காரும்போது சாதாரணக் காசாளர் கணக்கிலேயே உட்கார வேண்டும். முதலாளியின் கணக்கில் திரை திறந்தபடி கிடந்தால், மற்ற எல்லாப் பூட்டுகளும் வீண்.

காசு ஒழுகும் இடங்கள்

இந்த அனுமதிகள் ஏன் முக்கியம் என்பதை விளங்க, காசு எப்படிப் போகிறது என்பதை அறிய வேண்டும். வாடிக்கையாளர் 1,200 ரூபா கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் படியிறங்கியதும் பில் இரத்தாகிறது. லாச்சியில் மிதமாக இருக்கும் 1,200 ரூபா பைக்குள் போகிறது. மாலையில் கணக்குச் சரி! நாளொன்றுக்கு மூன்று பில் என்றால் 3,600 ரூபா. மாதத்தில் 26 நாள் என்று பார்த்தால் 93,600 ரூபா. ஒரு சிறிய கடையின் ஊழியர் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கப் போதுமான தொகை.

இன்னொரு வழி விலைக்கழிவு. 4,000 ரூபா பில்லுக்கு முழுக்காசும் வாங்கிய பின்னர், பத்து வீதக் கழிவு போட்டு 400 ரூபாவை எடுப்பது. மூன்றாவது வழி பழைய பில்லின் மறுபிரதி. முன்னர் அதே சாப்பாட்டுக்குப் போட்ட பில்லை மீண்டும் அச்சிட்டுப் புதிய வாடிக்கையாளரிடம் காசு வாங்குவது. இவர் சாப்பிட்டது கணினிக்கே தெரியாது.

நான்காவது சற்றுத் தந்திரமானது. ஒரு மேசையில் குளிர்பானம் பதியப்படுகிறது. பில் அச்சிட்டுக் காசும் வாங்கியாயிற்று. பில்லை மூடுமுன் அந்தப் பானத்தை அடுத்த மேசைக் கணக்குக்கு மாற்றிவிடுகிறார்கள். அந்த மேசைக்காரரும் குளிர்பானம் குடித்தவர்தான். அங்கிருந்து மூன்றாவது மேசைக்கு. கணினியில் ஒரு போத்தல், உண்மையில் போனது ஐந்து போத்தல். பில் அச்சிட்ட பின் பண்டம் மாற்றுவதற்கு மேற்பார்வையாளரின் இலக்கம் தேவை என்று வைத்து, இரவில் போத்தல்களையும் எண்ணினால் இந்த வழி அடைபடும்.

இன்னும் ஒன்றை மறக்க வேண்டாம். சில மென்பொருட்களில் புதியவர்களைப் பழக்குவதற்கென்று 'பயிற்சி நிலை' உண்டு. அதில் போடும் பில் விற்பனையில் சேராது. அது யாருக்குத் திறந்திருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

ஜும்ஆ நேரத்து அட்டை

எவ்வளவு ஒழுங்காக அமைத்தாலும் ஒரு பழக்கம் எல்லாவற்றையும் கெடுக்கும். வெள்ளிக்கிழமை பகல், கடையில் கூட்டம். முதலாளியும் மேற்பார்வையாளரும் ஜும்ஆவுக்குப் போக வேண்டும். தப்பாக அடிபட்ட பில்லை யார் திருத்துவது? "இந்தா அட்டை, வாறவரைக்கும் வச்சிக்க" என்று காசுமேசையில் கொடுத்துவிட்டுப் போகிறோம். அந்த அட்டை பிறகு அங்கேயே தங்கிவிடுகிறது.

வேலை நிற்கக்கூடாது என்பது நியாயம்தான். அதற்கு அட்டையை இரவல் கொடுப்பது வழியல்ல. நாம் இல்லாத நேரத்துக்குப் பொறுப்பாக ஒருவரை நியமித்து, அவருடைய சொந்தக் கணக்கிலேயே அந்த அனுமதியைக் கொடுங்கள். தொகைக்கு ஒரு எல்லை வையுங்கள். சில மென்பொருட்களில் இரத்துக் கோரிக்கை முதலாளியின் கைத்தொலைபேசிக்கு வரும் வசதியும் உண்டு. அதுவும் இல்லையென்றால் தவறான பில்லைப் புறம்பாக வைத்து, நீங்கள் வந்த பின் திருத்தலாம்.

வருபவரும் போபவரும்

நம் கதையில் வந்த காசாளர் போன பின்னரும் அவருடைய கணக்கு உயிரோடு இருந்தது. ஒருவர் விலகும் அன்றே, கடைசிச் சம்பளத்தைக் கொடுக்கும் முன்னரே, கணக்கை முடக்கிவிடுங்கள். அழித்துவிட வேண்டாம். அழித்தால் பழைய பில்களை யார் போட்டார் என்ற விபரமும் சில மென்பொருட்களில் போய்விடும். முடக்கினால் வரலாறு இருக்கும், வாசல் மூடியிருக்கும்.

நோன்பு காலத்தில் இப்தார் பார்சலுக்கும் கஞ்சிக்கும் தற்காலிகமாக ஆட்கள் எடுக்கிறோம். அவர்களுக்கும் பழையவரின் இலக்கத்தைக் கொடுக்காமல் தனிக் கணக்குத் திறந்து, பெருநாளோடு முடியுமாறு திகதி போட்டுவிடுங்கள்.

மென்பொருளை விற்ற கொம்பனியும் ஒரு சாவி வைத்திருக்கிறது. பொருத்தும்போது அவர்கள் போட்ட ஆரம்பக் கடவுச்சொல் பல கடைகளில் இன்னும் அப்படியே கிடக்கிறது. அதை மாற்றுங்கள். தூரத்திலிருந்து கணினிக்குள் வந்து பழுது பார்க்கும் வசதியைத் தேவைப்படும்போது மட்டும் திறந்து, முடிந்ததும் மூடுங்கள்.

மறுபுறத்தில், எல்லாம் முதலாளியின் தலைக்குள் மட்டும் இருப்பதும் ஆபத்து. திடீரென நோயில் விழுந்தால் கடையே பூட்டிக்கொள்ளும். பிரதான கடவுச்சொல்லை முத்திரையிட்ட உறையில் போட்டு, வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைத்து வையுங்கள்.

இரவு பத்து நிமிடம்

அனுமதிகளை வகுத்துவிட்டு அறிக்கையைப் பார்க்காவிட்டால் பயனில்லை. காசாளர் முதலில் லாச்சிக் காசை எண்ணி எழுதித் தரட்டும். அதன்பிறகே கணினித் தொகையை எடுங்கள். தொகையை முன்னரே பார்த்தவர் அதற்கு ஏற்றாற்போல் காசை வைப்பார். மிதமாக இருப்பதும் குறைவாக இருப்பதைப் போலவே கேட்க வேண்டிய கேள்விதான். அத்துடன் இரத்து, விலைக்கழிவு, மறுபிரதி, விற்பனையின்றி லாச்சி திறந்தமை ஆகிய நான்கையும் ஆள்வாரியாகப் பாருங்கள். ஒருவருக்கு மட்டும் வழமையை விடக் கூடினால் விசாரியுங்கள். அறிக்கையை மட்டும் வைத்துக் குற்றம் சாட்ட வேண்டாம். கமரா, வேலை நேரப் பட்டியல், குசினிச் சீட்டு ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நாட்டின் சட்டமும் இதைத் தொடுகிறது. அதிகாரமின்றிக் கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி குற்றமாகும். ஆனால் நீங்களே இலக்கத்தை எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தால், அதிகாரமின்றி நுழைந்தவர் யார் என்று எப்படி நிரூபிப்பீர்கள்? வாடிக்கையாளரின் தொலைபேசி இலக்கம், விலாசம் என்பனவும் இன்று நம் கணினியில் இருக்கின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறிய பின், அவற்றை யார் பார்க்கலாம் என்பதும் முதலாளி யோசிக்க வேண்டிய விடயமாகிவிட்டது.

ஊழியர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று சிலர் தயங்குகிறார்கள். "எங்கள நம்பல்லயா?" என்று கேட்பார்களோ என்ற பயம். எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து உள்ளதைச் சொல்லுங்கள். தனி இலக்கம் களவெடுப்பவரைப் பிடிப்பதற்கு மட்டுமல்ல, எடுக்காதவரைக் காப்பாற்றுவதற்கும்தான். நாளைக்கு ஒரு தவறு நடந்தால் "இது நானல்ல" என்று சொல்லும் நேர்மையான ஊழியருக்குச் சாட்சியாக நிற்பது அந்தப் பதிவேடுதான்.

நான் சொன்ன முதலாளி, உண்மை தெரிந்த பின் அந்தக் காசாளரின் ஊருக்கே போய், வீட்டாருக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டார். அவர் மன்னித்தார், தேநீரும் கொடுத்தார். ஆனால் திரும்பி வேலைக்கு வரவில்லை. பதினொரு வருட அனுபவம் இன்று வேறொரு கடையின் காசுமேசையில் இருக்கிறது.

இந்த வாரம் கடையை மூடும் முன் உங்கள் கணினியில் ஊழியர் பட்டியலைத் திறந்து பாருங்கள். போனவர்களின் பெயர் எத்தனை அதில் இன்னும் இருக்கிறது என்று எண்ணுங்கள். வேலையை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.