தண்ணீர் வழியும் தபால் வழியும்

திருகோணமலைத் துறைமுகத்தின் தெற்கே விரிந்து கிடக்கும் கொட்டியாரக் குடாவின் வரலாற்றிலே ஒரு கடிதத்துக்கு விந்தையான இடமுண்டு. புயலில் இழந்த பாய்மரத்துக்கு ஈடாகப் புதியதொன்றை நாட்டுவதற்காக ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல் 1660ஆம் ஆண்டில் அக்குடாவிலே தங்கியிருந்தது. கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் அதிகாரி ஒருவர் கரைக்கு வந்து, மன்னனிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது என்று கப்பற் தலைவருக்குச் சொல்லியனுப்பினார். அதனை நம்பிக் கரையிறங்கியோர் சிறைப்பட்டனர். தலைவரின் மகன் இராபர்ட் நொக்ஸ் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கண்டி நாட்டிலே கைதியாக வாழ்ந்து, தப்பிச் சென்று எழுதிய நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. இல்லாத கடிதத்தின் பேரால் மனிதர் பிடிபட்ட அதே கரையிலே, பிற்காலத்தில் உள்ள கடிதங்கள் உரிய நாளில் வந்து சேராமையே பெருங்குறையாயிற்று.

அதன் காரணம் நாட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. மகாவலி கங்கை பல கிளைகளாகப் பிரிந்து கொட்டியாரக் குடாவை அடைகின்றது. உப்பங்கழிகளும் சதுப்பு நிலங்களும் ஆற்றுவாய்களும் தரையைத் துண்டு துண்டாக அறுத்துவிடுகின்றன. திருகோணமலைப் பட்டினத்திலிருந்து மட்டக்களப்பு நோக்கித் தெற்கே செல்பவர் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என ஐந்து இடங்களில் நீரைக் கடக்க வேண்டியிருந்தது. கிழக்கு மாகாணத்து மக்கள் இத்தகைய கடவைகளில் ஓடிய மிதவைக்கு இட்ட பெயர் ‘பாதை’ என்பதாகும். தெரு முடிகின்ற இடத்திலே மிதந்து வருவதுதான் பாதை! ‘பாதை அக்கரையில் நிற்கிறது’ என்று கிண்ணியாவிலே ஒருவர் சொன்னால், வெளியூரார் திகைப்பர். உள்ளூரார் நிழல் தேடி உட்காருவர். தபாற் பையும் அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும். மாரி மழையிலே கங்கை பெருகினால், பாதையும் ஓடாது, பையும் நகராது.

துறைமுகத்தின் நிலை வேறு. ஆங்கிலேயர் 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றிய நாள்முதல் அது கடற்படைக்குரிய இடமாயிற்று. கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே 1832இல் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. கண்டிக்கு அப்பால் தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் எனக் காடு சூழ்ந்த வழியிலே யானைக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சாது தபால் ஓட்டக்காரர் பையைச் சுமந்தனர். 1927இல் புகையிரதப் பாதை துறைமுகத்தை எட்டியது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு வீசிய பின்பும், கடற்படைத் தளம் தொடர்ந்து இயங்கியது. 1957 அக்டோபரிலே தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆக, வழி போட்டது துறைமுகத்துக்காக. அவ்வழியின் ஓரத்தில் இருந்த ஊர்களுக்குத் தபால் கிடைத்தது ஒரு துணைப்பயனே. தம்பலகாமமும் கந்தளாயும் அப்பயனைப் பெற்றன. மூதூரும் தோப்பூரும் கிளிவெட்டியும் ஈச்சிலம்பற்றையும் வெருகலும் குடாவுக்கு அப்பால் நின்றன. இலண்டனிலிருந்து துறைமுகத்துக்கு வரும் கடிதத்துக்கு இருந்த நிச்சயம், துறைமுகத்திலிருந்து வெருகலுக்குப் போகும் கடிதத்துக்கு இருந்ததில்லை எனின் மிகையாகாது.

இந்நிலையிலேதான் குடியேற்றக் காலம் வந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம் குடியானவருக்கு முடிக்குரிய நிலத்தை வழங்க வழி செய்தது. 1946 முதல் டி.டி.ரி. மருந்து தெளிக்கப்பட்டு மலேரியாக் காய்ச்சல் அடங்கவே, கந்தளாய்க் குளத்தின் கீழும் அல்லைத் திட்டத்திலும் காடு வெட்டிக் கழனியாக்கக் குடும்பங்கள் வந்து இறங்கின. இக்குடியேற்றங்கள் மாவட்டத்தின் இனப் பரம்பலை மாற்றியமை குறித்து எழுந்த பிணக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை; அது தனியே ஆராய்தற்குரிய பொருள். ஆனால் கடிதம் பிந்துவதால் நேரும் இழப்பு, பழங்குடியான விவசாயிக்கும் புதிதாய் வந்தவனுக்கும், தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவருக்கும் ஒன்றுபோலவே இருந்தது.

அந்த இழப்பு எத்தகையது? பட்டினவாசி கடிதத்தை நலம் விசாரிக்கும் தாளாக எண்ணக்கூடும். காட்டோரக் குடியானவனுக்கோ அது காணி. காணிக் கச்சேரிக்கு வருமாறு வரும் அழைப்பு, அந்நாள் கழிந்த பின் கையில் கிடைத்தால், அவன் கேட்ட நிலம் இன்னொருவருக்குப் போய்விடலாம். தூரத்து ஊரில் உழைக்கும் மகன் அனுப்பும் காசுக் கட்டளை விதைப்பு முடிந்தபின் வந்தால் பயனில்லை. முதியோருக்கும் வறியோருக்கும் அரசு வழங்கும் உதவிப் பணத்தை ஊரார் ‘பிச்சைச் சம்பளம்’ என்பர். சொல் கடியது, ஆயினும் பலருக்கு மாதத்தில் காணும் ஒரே காசு அதுவே. அதனை எண்ணிக் கொடுப்பது தபாற் கந்தோர்தான். கந்தோர் எட்டு மைல் தொலைவில், ஆற்றுக்கு அக்கரையில் இருக்குமானால், உதவிப் பணத்தில் ஒரு பங்கு அதைப் பெறப் போகும் வழியிலேயே கரைந்துவிடும்.

ஆகவே குடியேற்றக் கிராமங்களின் மனுக்களிலே, பாடசாலை, மருந்துச்சாலை ஆகியவற்றோடு உப தபாற் கந்தோரும் தவறாது இடம்பெற்றது. ‘பெட்டிசம்’ எழுதித் தருவோருக்கு இது பழகிய பாடம். குடும்பங்களின் தொகை, அண்மையிலுள்ள கந்தோரின் தூரம், இடையிலுள்ள ஆறு, மழைக்காலத்துத் துன்பம் என்பனவற்றை வரிசையாக எழுதி, கீழே கையொப்பங்களும் பெருவிரல் அடையாளங்களும் இடப்படும். அம்மனுவும் தபாலிலேதான் போக வேண்டும் என்பது இதிலுள்ள வேடிக்கை.

இவ்வாறு மனுச் செய்தோர் கொட்டியாரத்தார் மட்டுமல்லர். ஐக்கிய அமெரிக்காவில் மேற்கு நோக்கிக் குடியேறியவர்கள் தங்கள் காங்கிரசுக்கு இடைவிடாது அனுப்பிய மனுக்களும் இதே பாங்கின. அங்கே தபாற் கந்தோர்களையும் தபால் வீதிகளையும் நிறுவும் அதிகாரத்தை அரசியற் சட்டமே காங்கிரசுக்கு அளித்திருந்தது. எந்த வழியிலே தபால் செல்லவேண்டும் என்பதை 1792ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மக்கள் பிரதிநிதிகளே தீர்மானித்தனர். ஆதலால் ஒரு காட்டூர் மனு அனுப்பினால், அதற்குப் பதில் சொல்லவேண்டியவர் அவ்வூரின் வாக்கை நாடி வருபவராக இருந்தார். 1790இல் 75ஆக இருந்த தபாற் கந்தோர்கள் 1830இல் எண்ணாயிரத்தைத் தாண்டின. 1856இல் கலிபோர்னியா மக்கள் 75,000 பேர் கையொப்பமிட்டுத் தரைவழி கேட்டனர். இரண்டாண்டு கழித்து, ஏறத்தாழ 2,800 மைல் தூரத்தை 25 நாளில் கடக்கும் தபால் வண்டி ஓடத் தொடங்கியது.

வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. அமெரிக்கக் குடியேறிகள் தபாலைக் கேட்டனர்; தபாலுக்காக வீதி திருந்தியது. திருகோணமலையிலோ ‘வீதியும் பாலமும் வரட்டும், பின்பு பார்க்கலாம்’ என்று தபால் காத்திருந்தது. குடாவுக்கு அப்பாலுள்ள ஊர்கள் இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டியதாயிற்று. பாலம் கட்டுவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் உப தபாற் கந்தோருக்கு ஆகும் செலவு சொற்பம். ஒரு வீட்டின் முன்னறை, ஒரு மேசை, தராசு, நாள் முத்திரை, பையைக் கொண்டுவர ஒருவர். இவ்வளவே தொடக்கத்துக்குப் போதும். அந்த நாள் முத்திரையின் வட்டத்துக்குள்ளே ஊரின் பெயர் முதன்முதலாக அச்சாகி வெளியுலகுக்குப் போகும்போது, ‘இத்தனையாம் வாய்க்கால்’ என்று இலக்கத்தால் அறியப்பட்ட குடியேற்றம் ஊராகிவிடுகின்றது.

போர்க்காலம் இவ்வரவு செலவு முழுவதையும் குலைத்தது. 2006ஆம் ஆண்டில் மூதூர்ப் பகுதியிலிருந்து பல்லாயிரவர் இடம்பெயர்ந்தனர். முகவரி இருந்தது, முகவரியில் ஆள் இல்லை. கடிதம் தேடிப் போகவேண்டிய மனிதர் முகாமுக்கு முகாம் மாறிக்கொண்டிருந்தார். 2009 அக்டோபரிலே 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் ஆகிய இடங்களிலும் பாலங்கள் எழுந்தன. தலைமுறை தலைமுறையாகக் கேட்ட வழி கிடைத்தது. ஆனால் அதற்குள் கைத்தொலைபேசி வந்து, நலம் விசாரிக்கும் கடிதத்தை ஏறக்குறைய இல்லாமலாக்கிவிட்டது.

எனினும் தொலைபேசியாற் செய்ய முடியாத வேலைகள் சில இன்னும் தபாற்காரர் பையிலேயே இருக்கின்றன. தனிப்பட்ட முறையிற் பரீட்சை எழுதுவோரின் அனுமதி அட்டை, நீதிமன்றத்து அறிவித்தல், தேர்தலுக்கு முன் வரும் வாக்காளர் அட்டை ஆகியவை அத்தகையன. சம்பூர் மக்களுக்கு 2015ஆம் ஆண்டளவிலே காணிகள் திரும்பக் கிடைத்தபோது, பலருக்கு வீடும் வேலியும் எஞ்சியிருக்கவில்லை. ஒன்பது ஆண்டுக் காலம் பற்றை மண்டிய நிலத்திலே எது எவருடைய வளவு என்பதைக் கிணற்றையும் பனையையும் கொண்டு முதியோர் அடையாளம் காட்ட வேண்டியிருந்தது. அதன் பிறகே தபாற்காரரின் மிதிவண்டி நிற்க அங்கே ஒரு படலை உண்டாயிற்று.